சிவப்பு நூல் கட்டிய டின்

இருநூற்று நாற்பது தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடுகிற கூடத்தில் ஒரே ஒரு மெஷின் மட்டும் மூச்சு வாங்கினால், அது எந்த மெஷின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. அந்தக் கம்பெனியில் ஒருவர்தான் இருந்தார். அவரைக் காது என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பதின்மூன்று வயதில் நூல் பிசிறு கூட்ட வந்தவர், அறுபது வயதில் தலைமை மெக்கானிக். நடுவில் யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை, யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. இதை அவரே ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வார். சொன்னால் என்ன, உண்மைதானே? மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து டை கட்டிய என்ஜினியர் ஒருவர் வந்து மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட காலர் மெஷினை, காது பத்து நிமிஷத்தில், ஒரு திருப்புளியும் பழைய செருப்புத் தோலில் ஒரு துண்டும் வைத்து ஓடவிட்டார். என்ஜினியர் கை குலுக்கி, "நீங்க எங்கே படிச்சீங்க?" என்று கேட்டார். "இங்கேதான்" என்று எண்ணெய்க் கறை படிந்த தரையைக் காட்டினார் காது.

தரையைக் காட்டியது பெருமைக்குத்தான். ஆனால் அந்தப் பதிலில் ஒரு நழுவலும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் இருந்தது ஒன்றரை வருஷம். எழுத்து அவரிடம் ஒட்டவே இல்லை. அறுபது வயது வரைக்கும் அவருக்கு ஒரு வரி படிக்கத் தெரியாது. இது தெரிந்த ஆள் அந்தக் கம்பெனியில் ஒரே ஒருவர்தான். அது அவருடைய தங்கச்சி.

காதின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் கூடு இருக்கும். உள்ளே கண்ணாடி இருக்காது. யாராவது காகிதத்தை நீட்டினால் கூட்டைத் திறந்து பார்த்து, "அட, இன்னைக்கும் வீட்லயே வச்சிட்டு வந்துட்டேனா! நீயே படிச்சிடுப்பா" என்பார். அவருடைய மறதி கம்பெனி முழுக்க ஒரு நகைச்சுவை. மெஷின் ரிப்போர்ட், உதிரிப் பாகப் பட்டியல், லீவு விண்ணப்பம் எல்லாவற்றையும் மடித்து எடுத்துக்கொண்டு ஊசி ஜன்னலுக்குப் போவார். அங்கே தங்கச்சி தாழ்ந்த குரலில் படித்துச் சொல்வாள், அவர் சொல்லச் சொல்ல எழுதுவாள், கடைசியில் அவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து மட்டும் பிரமாதமாக இருக்கும். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, திரும்பி வந்து, பேருக்கு அடியில் படுத்துக்கொள்ளும். தங்கச்சி ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது. மேனேஜருக்கே அப்படி ஒரு கையெழுத்து கிடையாது என்பது அவர் கணக்கு.

ஊசி ஜன்னல் என்பது கூடத்தின் மூலையில் இருந்த ஒரு சின்ன அறை. தையல் கம்பெனியில் ஊசி உடைந்தால் சும்மா வேறு ஊசி கொடுத்துவிட மாட்டார்கள். உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடிப் பொறுக்கி, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி, ஜன்னலில் கொடுக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் மெஷினைச் சுற்றிக் காந்தம் வைத்துத் தேட வேண்டும். ஏதோ ஊரில் ஏதோ குழந்தை போடப்போகிற சட்டையில் ஊசிமுனை கிடந்துவிடக் கூடாது இல்லையா? ஜன்னலில் இருக்கிற ஆள் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, பேர், மெஷின் நம்பர், நேரம் எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டுப் புது ஊசி கொடுப்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆள் காதின் தங்கச்சிதான். ஊசியக்கா என்பார்கள். நாள் முழுக்க முந்நூறு பெண்களும் அந்த ஜன்னலுக்கு வந்து போவதால் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாரை எந்த சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை சொன்னான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனாலேயே தொழிலாளர் சங்கத்துக்கு இரண்டு முறை செயலாளர் ஆனாள். ஓட்டுக் கேட்டுப் போனதே இல்லை. ஊசி வாங்க வந்தவர்கள் போட்ட ஓட்டு.

அந்த வருஷம் அவள் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகரக் கூரைக்குக் காற்றை வெளியே இழுக்கிற பெரிய விசிறிகள் எட்டு வேண்டும். வெயில் காலத்தில் கூடம் அடுப்பாகிவிடும். மேனேஜர் ஆறு மாதம் இழுத்தடித்து, இப்போதுதான் "பார்க்கலாம்" என்பதிலிருந்து "செய்யலாம்" என்பதற்கு வந்திருந்தார். சங்கத் தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவளை எதிர்த்து நின்றவன் பேக்கிங் பகுதி ஆள். மைக் என்று பட்டப்பேர், ஏனென்றால் அவனுக்கு மைக் தேவையில்லை. இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் தோற்றவன். நல்ல வேலைக்காரன் என்று யாரும் சொன்னதில்லை, கெட்டவன் என்றும் சொன்னதில்லை. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஒரு நிமிஷம் முன்னாலேயே மோப்பம் பிடிப்பான். அது ஒரு திறமைதான். மெஷினுக்குக் காது மாதிரி, கூட்டத்துக்கு அவன்.

அன்றைக்குத் தடிமனான கித்தான் துணி லைனில் ஏறியிருந்தது. ஊசிகள் படபடவென்று உடைந்தன. மூன்றாம் லைனில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வந்தவள், இரண்டு வாரமாக ஓவர்டைம் பார்த்தவள், புது ஊசியை மாட்டும்போது விரலில் குத்திக்கொண்டாள். ஒரு சொட்டு ரத்தம். அதைப் பார்த்தாள். அப்படியே மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள்.

"ஐயோ, ஊசி குத்தி விழுந்துட்டா!" என்று பக்கத்து மெஷின்காரி கத்தினாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் ஐந்தாம் லைனுக்குப் போய்ச் சேர்வதற்குள் "ஊசியில என்னமோ இருக்கு" என்றாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் இன்னொருத்தி விரல் மரத்துப்போகிறது என்றாள். இன்னொருத்தி நாக்கு கசக்கிறது என்றாள். மத்தியானத்துக்குள் பதினோரு பேர் விழுந்தார்கள். மூன்று ஆம்புலன்ஸ் வந்தது. விழாதவர்கள் கழிவறைக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா எல்லோரையும் பார்த்துவிட்டு, வெயில், பட்டினி, தூக்கமின்மை, பயம் என்று நாலு வார்த்தை சொன்னார். அந்த நாலும் யாருக்கும் போதவில்லை. இத்தனை பயம் பயந்த பிறகு காரணம் மட்டும் இத்துனூண்டாக இருந்தால் மனசு ஒப்புமா?

பேக்கிங் மேஜை மேல் ஏறி நின்றான் மைக்.

"நான் யாரையும் குத்தம் சொல்லலே. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். விழுந்தவங்களுக்கெல்லாம் ஊசி யாரு கொடுத்தது?"

ஊசி கொடுக்கிறவர் கம்பெனியிலேயே ஒருத்தர்தான். எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை மைக்கும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஊசி அறையைச் சோதனை போட்டார்கள். மேனேஜர் உடனே அனுமதி கொடுத்தார். வெயில்தான் காரணம் என்றால் எட்டு விசிறி வாங்க வேண்டும், விஷம்தான் காரணம் என்றால் ஓர் ஆளை வெளியே அனுப்பினால் போதும். இதைக் கணக்குப் போட அவருக்குக் கண்ணாடி தேவையில்லை.

அலமாரிக்கு அடித்தட்டில் ஒரு டின் கிடைத்தது. சீட்டு எதுவும் ஒட்டாத பழைய டின். கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம், அதில் ஊசிகள் ஊறிக்கொண்டிருந்தன.

அந்த டின் காதுடையது. மழைக்காலத்தில் ஊசி துருப்பிடிக்காமல் இருக்க வருஷம் முழுக்க மெல்லிய எண்ணெயில் போட்டு வைக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். டின்களில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாதவர் நூல் கட்டி வைத்தார். மெல்லிய எண்ணெய்க்குச் சிவப்பு, கெட்டி எண்ணெய்க்கு நீலம், கிரீசுக்கு மஞ்சள், மண்ணெண்ணெய்க்குக் கறுப்பு. தையல் கம்பெனியில் நூலுக்கா பஞ்சம்? முப்பது வருஷம் ஒரு தடவைகூடத் தப்பாமல் நடந்த ஏற்பாடு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் வந்து சுவரெல்லாம் அறிவிப்பு ஒட்டினார். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் விஷம், தொடாதே. அன்றைக்கே தங்கச்சி சொன்னாள்: "அண்ணா, அந்தச் சிவப்பு நூலை மாத்திடு. சுவத்துல வேற மாதிரி போட்டிருக்கான்."

"சுவர் நேத்து வந்தது. என் நூல் முப்பது வருஷமா இருக்கு. சுவரை மாத்தச் சொல்லு" என்றார் காது. அப்போது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இப்போது அந்த டின் ஒவ்வொரு கைப்பேசியிலும் இருந்தது. சிவப்பு நூலைச் சுற்றி யாரோ வட்டம் வேறு போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மைக் காதின் வேலை மேஜைக்கு வந்தான். கையில் ஒரு காகிதம்.

"அண்ணே, டீ சாப்டாச்சா?"

"சுத்தி வளைக்காதே. என்ன விஷயம்?"

"அக்கா விஷயம்தான். எனக்கே மனசு கேக்கலேண்ணே. போட்டி வேற, மனுஷத்தன்மை வேற. டின்ல இருக்கிறது நீங்க கொடுத்த எண்ணெய்தான்னு ஒரு கடிதம் தயார் பண்ணியிருக்கேன். நீங்க தலைமை மெக்கானிக். உங்க கையெழுத்து இருந்தா இந்த முட்டாள் ஜனம் வாயை மூடிக்கும்."

காது கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்.

"வீட்ல வச்சிட்டீங்களா? பரவாயில்லேண்ணே, நான் படிக்கிறேன்" என்றான் மைக். படித்தான். மணிமணியாகப் படித்தான். 'இது ஊசிக்குப் போடும் எண்ணெய்தான், முப்பது வருஷமாக நான் கொடுப்பது, என் தங்கை குற்றமற்றவர்' என்று அவன் வாயில் வந்தது. குற்றமற்றவர் என்ற சொல்லே காதுக்குப் பிடித்துப்போயிற்று.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு ஊசி ஜன்னலுக்குப் போயிருப்பார். அன்றைக்கு ஜன்னலைச் சுற்றிக் கூட்டம். தங்கச்சிக்கு உதவப்போகிற காகிதத்தை அவளிடமே படித்துக் காட்டச் சொல்லிக் கூட்டத்துக்கு நடுவில் நிற்பதா? பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கோடு கிளம்பிப் போய்த் திரும்பி வந்து அடியில் படுத்துக்கொண்டது.

மறுநாள் வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்துப் பலகையில் காகிதம் தொங்கியது. கூட்டம். காதைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். கட்டிங் மாஸ்டர் தோளைத் தட்டினார்.

"பெரிய மனசுய்யா உனக்கு. கூடப் பொறந்தவளாச்சேன்னும் பாக்காம உண்மையைப் போட்டு உடைச்சிட்டே."

காது பலகையைப் பார்த்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி ஏழெட்டு வரி. அவருக்குத் தெரிந்தது கடைசியில் இருந்த கையெழுத்து மட்டும்தான். அது என்னவோ அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவர் யாரைக் கேட்பார்? தான் எழுதியதாக எல்லோரும் நம்புகிற ஒன்றை?

ஜன்னலுக்குப் போனார். தங்கச்சி தலை நிமிரவில்லை.

"என்னம்மா போட்டிருக்கு அதுல?"

"'இந்த டின்னில் இருப்பது நான் கொடுத்த எண்ணெய் அல்ல. இதை யார் வைத்தார், எதற்கு வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நேர்மையான விசாரணை வேண்டும்.'" மனப்பாடமாகச் சொன்னாள்.

"நான்... அவன் வேற மாதிரி..."

"தெரியும்ண்ணா. நீ என்ன பண்ணியிருப்பேன்னு பலகையைப் பாத்ததுமே தெரியும்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "நீ வாயைத் திறக்காதே. திறந்தா ஏன் கையெழுத்துப் போட்டேன்னு கேப்பாங்க. அப்புறம் எல்லாம் வெளிய வரும். இன்னும் ஒன்றரை வருஷம். தலைமை மெக்கானிக்காவே வீட்டுக்குப் போ. நான் பாத்துக்குறேன்."

"என்னத்தைப் பாத்துக்குவே?"

பதில் சொல்வதற்குள் ஒரு பெண் உடைந்த ஊசி ஒட்டிய தாளை நீட்டினாள். தங்கச்சி துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாள், எழுதினாள், புது ஊசியை எடுத்தாள். பெண் கை நீட்டவில்லை. காத்திருந்தாள். தங்கச்சி அந்த ஊசியைத் தன் நாக்கில் வைத்து எடுத்து, துணியில் துடைத்து, நீட்டினாள். பெண் வாங்கிக்கொண்டு போனாள்.

"இது என்ன?"

"நேத்துலேர்ந்து. நான் நாக்குல வச்சுக் காட்டினாதான் வாங்குறாங்க. இது இன்னைக்கு இருபத்தெட்டாவது."

கித்தான் துணி இன்னும் லைனில்தான் இருந்தது. அன்றைக்கு மட்டும் எழுபது ஊசி உடைந்தது. சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போவதைக் காது பார்த்தார். நாக்கு முழுக்க இரும்பு ருசி என்றாள்.

காது முதலில் சுற்றுவழியில்தான் போனார். யாருக்குத்தான் தன் மானத்தைத் தூக்கி முதலில் வைக்க மனசு வரும்? ஊசிப் பதிவேட்டைத் தங்கச்சியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு, எண்ணிக்கையை மனசில் ஏற்றிக்கொண்டார். முதல் நாள் மத்தியானம் வரை ஊசி வாங்கியவர்கள் அறுபத்து மூன்று பேர். விழுந்த பதினோரு பேரில் நாலு பேர் அன்றைக்கு ஊசியே வாங்கவில்லை. இதை லைன் லைனாகப் போய்ச் சொன்னார்.

"அப்ப அந்த நாலு பேருக்கு வேற வழியா கொடுத்திருக்கா" என்றாள் ஒருத்தி.

"வேற வழியான்னா?"

"அது அவளுக்கில்ல தெரியும்!"

"அவதான் தினம் நாக்குல வச்சுக் காட்டுறாளே, அவ ஏன் விழலே?"

"பழகியிருக்கும்ண்ணே. விஷம் பழகிட்டா ஒண்ணும் பண்ணாதாம்."

காதுக்கு அலுத்துவிட்டது. மெஷின் என்றால் ஒரு பழுதைச் சரி செய்தால் ஒரு பழுது குறையும். இங்கே ஒன்றைச் சரி செய்தால் இரண்டு முளைத்தது. இவர்கள் யாரும் கெட்டவர்களும் இல்லை. பாதிப் பேருக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவரே மெஷின் உயரம் சரி பண்ணிக் கொடுத்தவர். போன வருஷம் தங்கச்சி காய்ச்சலில் கிடந்தபோது முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் இதே ஆட்கள்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் பொதுக்கூட்டம். தீர்மானம் இரண்டு. ஊசியக்காவைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்குவது. அவளைப் போலீசில் ஒப்படைக்கும்படி நிர்வாகத்தைக் கேட்பது. தங்கச்சி ஓரத்து பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி நாலு இடம் காலியாக இருந்தது.

மைக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். "நான் சொல்லலே. அவங்க சொந்த அண்ணன் சொல்றார். உத்தமமான மனுஷன். அவர் கையெழுத்து இது. இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

காது எழுந்தார். முழங்கால் வலித்தது. மேஜை வரைக்கும் நடந்தது, பதின்மூன்று வயதிலிருந்து நடந்து வந்த தூரத்தையெல்லாம் திரும்பி நடக்கிற மாதிரி இருந்தது.

"கையெழுத்து என்னுதுதான். மேல எழுதியிருக்கிறது என்னுது இல்ல. இவன் வேற படிச்சான், நான் கேட்டுட்டுப் போட்டேன்."

"ஏன், நீங்களே படிக்க வேண்டியதுதானே?" என்றது ஒரு குரல்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு எழுத்துகூடத் தெரியாது. இந்தக் கூட்டுல கண்ணாடி கிடையாது, என்னைக்கும் இருந்ததில்ல. அந்த டின் என்னுது. சிவப்பு நூல் நான் கட்டினது. படிக்கத் தெரியாததால கட்டினது."

"தங்கச்சியைக் காப்பாத்தக் கதை விடுறார்!" என்று மைக் சுதாரித்துக்கொண்டான். "தலைமை மெக்கானிக்குக்குப் படிக்கத் தெரியாதாம்! மாசா மாசம் ரிப்போர்ட் எழுதுறவரு! யாராவது நம்புவீங்களா?"

யாரும் நம்பவில்லை. காதுக்கு வந்த சோதனை அது. நாற்பத்தேழு வருஷம் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டினார், அத்தனை பேரும் நம்பினார்கள். இன்றைக்குத் தெரியாது என்று உண்மையைச் சொல்கிறார், ஒருவரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பது? சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். அவர் பேசாமல் நின்றார். "நடிப்பு!" என்றார்கள். காது மேல்சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார், நூலை எடுத்தார், கையை நீட்டி ஒரே குத்தில் கோர்த்தார். "கண்ணாடி இல்லாம ஊசி கோக்கிற கண்ணுய்யா இது. இந்தக் கண்ணுக்கு எதுக்குக் கண்ணாடி?"

அப்போது பின்னாலிருந்து செக்கிங் பகுதி அம்மா ஒருத்தி, இருபது வருஷம் வேலை பார்த்தவள், எழுந்து நின்றாள்.

"இருங்க, இருங்க. மெயின் சுவிட்ச் பெட்டிக் கைப்பிடியில தினமும் பையை மாட்டுவீங்களே, அதுக்கு மேல என்ன எழுதியிருக்கு?"

காது முழித்தார். "என்னவோ ஒரு பலகை இருக்கு. ஏன்?"

"'இங்கே எதையும் மாட்டாதீர்கள்'னு இருக்கு!"

எல்லோரும் அந்தப் பலகையை நினைத்துப் பார்த்தார்கள். அப்புறம் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"அடப்பாவி மனுஷா! பதினஞ்சு வருஷமா மாட்டுறீங்களே! தலைமை மெக்கானிக்காச்சே, திமிருல மாட்டுறார்னுல்ல நாங்க நினைச்சோம்!"

"நான் அந்தப் பலகைக்குப் பயந்து என் துண்டைக்கூட மாட்டினதில்ல!" என்றார் கட்டிங் மாஸ்டர்.

கூடமே வெடித்துவிட்டது. ஐந்து நாளாக யாரும் சிரித்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஊசியாவது விஷமாவது, எல்லாம் கழன்று கொட்டியது. முதலில் விழுந்த மூன்றாம் லைன் பெண்கூடச் சிரித்தாள். நடுவில் நின்றுகொண்டு காது அத்தனை பேர் முகத்தையும் பார்த்தார். தன்னைப் பார்த்து இந்தக் கம்பெனி இப்படி ஒரு நாள் சிரிக்கும் என்றுதான் நாற்பத்தேழு வருஷம் பயந்தார். வந்தேவிட்டது. நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. களைப்பாக மட்டும் இருந்தது.

போலீஸ் தீர்மானம் ஓட்டுக்கே வரவில்லை. அதோடு மைக் ஒழிந்தான் என்று நினைத்தால் அவனை உங்களுக்குத் தெரியவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் மேஜை மேல் ஏறிவிட்டான்.

"சிரிங்க! நல்லா சிரிங்க! படிக்கத் தெரியாத ஆளு கையில இருநூத்தி நாப்பது மெஷினு! நம்ம உசிரு! அவருக்குப் பொய் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தது யாரு? இத்தனை வருஷம் நம்ம எல்லாரையும் ஏமாத்தினது யாரு?"

காகிதத்தில் இருந்ததும் அவன் வாயால் படித்ததும் ஏன் வேறாக இருந்தது என்று செக்கிங் அம்மா கேட்டாள். "ஆபீஸ்ல டைப் பண்ணிக் கொடுத்தாங்க, நான் பாக்கலே" என்றான். மேற்கொண்டு யாரும் தோண்டவில்லை. தோண்டினால் நாலு நாள் அக்காவின் நாக்கில் ஊசி வைத்துப் பார்த்தது யார் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிவரும். வீட்டுக்குப் போகிற நேரம் வேறு ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காதைச் சாதாரண மெக்கானிக் ஆக்கினார்கள். கடிதம் வந்தது. அதைத் தங்கச்சிதான் படித்தாள். அவள் தேர்தலிலிருந்து விலகிக்கொண்டாள். மைக் ஜெயித்தான். எதிர்த்து நிற்க ஆளே இல்லை. விசிறியைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை. வெயில் தணியும் வரை தினம் ஒருத்தி, இரண்டு பேர் என்று விழுந்துகொண்டுதான் இருந்தார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தார்கள். அதற்கு ஆம்புலன்ஸ் வரவில்லை.

மழை தொடங்கியது. ஒரு நாள் காலை காது கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். ஐந்தாம் லைனில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று. துணியைக் கிழித்துக்கொண்டு இறங்குகிற சத்தம். துருப்பிடித்த ஊசி. அந்தச் சோதனைக்குப் பிறகு எண்ணெய் டின்னை யாரும் தொடவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்பவர்களுக்குச் சொல்லலாம். அவரை இப்போது யார் கேட்டார்கள்?

நாலு நாளில் ஒரு பெட்டிச் சட்டை முழுக்கத் திரும்பி வந்தது. செயலாளர் என்ற முறையில் மைக்கே ஊசி ஜன்னலுக்கு வந்தான். காது அங்கே உட்கார்ந்து தன் டப்பாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஊசியெல்லாம் துரு. அந்த டின் இருந்துச்சே, அதையே மறுபடியும் வச்சுக்கலாமே?"

தங்கச்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "விஷம்னு சொன்னியே?"

"அட, அதெல்லாம் தேர்தல் நேரத்துப் பேச்சுக்கா. மனசுல வச்சுக்காதீங்க." அவன் சிரித்தான். உண்மையாகவே சிநேகமாகச் சிரித்தான். ஒரு நாள்கூட அவன் அதை நம்பியதில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. "அண்ணே, சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

காது கையைக் கழுவிவிட்டு டின்னைத் தேடி எடுத்தார். தூசி தட்டினார், எண்ணெய் ஊற்றினார். சிவப்பு நூல் இன்னும் கழுத்தில் இருந்தது. தங்கச்சி ஒரு தாளில் கொட்டை எழுத்தில் ஏதோ எழுதி டேப் போட்டு டின்னில் ஒட்டினாள்.

"என்ன எழுதியிருக்கே?" என்று காது சத்தமாகவே கேட்டார். ஜன்னலில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள்.

"ஊசி எண்ணெய்."

"அவ்வளவுதானா? என் பேரையும் போடு."

அவள் சிரித்துக்கொண்டே பேரையும் எழுதினாள். பிறகு முதலில் நின்ற பெண்ணின் தாளை வாங்கினாள். அவள் மூன்றாம் லைன்காரி, முதலில் விழுந்தவள். தங்கச்சி துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாள், எழுதினாள், புது ஊசியை எடுத்தாள். எடுத்த கை தானாக வாய்க்குப் போயிற்று.

"வேண்டாம்க்கா" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்குள் தங்கச்சி ஊசியை நாக்கில் வைத்து எடுத்திருந்தாள்.

"பழகிடுச்சும்மா" என்று துணியில் துடைத்து நீட்டினாள். "போ, லைன் நிக்கும்."